புதுக் கணினியில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஏன் பாதியில் மூடிக்கொள்கிறது?

2006-இல் வந்த விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், 32 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 கணினியிலும் பாதியிலேயே மூடிக்கொள்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விண்டோஸ் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் (Event Viewer) திறந்து, எந்தக் கோப்பில் பிழை நடந்தது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் எதையும் மாற்றத் தொடங்காதீர்கள்.

நீண்ட தூரம் பறந்து, பெரிய விமான நிலையத்தில் இறங்கப்போகும் நேரத்தில் நின்றால் அநேகமாக நினைவகப் பிரச்சினைதான். இது 32-பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அதிகபட்சம் 4 ஜிபியைத்தான் இதனால் தொட முடியும். கூடுதலாக வாங்கிப் போட்ட விமானங்கள், துல்லியமான நிலக்காட்சிகள் எல்லாம் அந்த 4 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். ஆட்டோஜென், அதாவது விளையாட்டு தானாக நிரப்பும் மரங்கள், கட்டடங்களின் அளவைக் குறையுங்கள். அந்தப் பயணத்துக்குத் தேவைப்படாத காட்சித் தொகுப்புகளை நிறுத்திவையுங்கள். ரேமை மேலும் கூட்டுவது வீண் செலவு.

மெனுவைத் திரும்பத் திரும்பத் திறக்கும்போது நின்றால் கதை வேறு. ஈவென்ட் வியூவரில் அநேகமாக யுஐஆட்டோமேஷன்கோர் (UIAutomationCore.dll) என்ற விண்டோஸ் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பின், விண்டோஸ் விஸ்டா காலத்துப் பழைய பதிப்பை விளையாட்டின் கோப்புறையில் வைப்பது பலருக்கும் கைகொடுத்த வழி. ஆனால் கண்ட தளத்திலிருந்தும் அதை இறக்காதீர்கள், வைரஸ் வரலாம்.

சரி, திறக்கும்போதே நின்றால்? எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி (fsx.cfg) என்ற அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். விளையாட்டு புதிய கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பழையதை அழிக்க வேண்டாம், உங்கள் அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன.