ரோனன் ஓ’காரா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்து ரக்பி பற்றிய தங்கள் கட்டுரையில் ரோனன் ஓ’காராவைப் பாராட்டியிருந்தீர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளர்களாகச் சோபிப்பதில்லை. இவர் பயிற்சியாளராகி ஐரோப்பியக் கோப்பை வென்றது ஆடிய நாட்களின் புகழால்தானா?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

புகழை நம்பியிருந்தால் அவர் ஊரைவிட்டே போயிருக்க வேண்டியதில்லை. அயர்லாந்துக்காக 128 ஆட்டங்கள் ஆடி 1083 புள்ளிகள் குவித்தவர், 2013இல் ஓய்வுபெற்றதும் பாரிஸின் ராசிங் 92 அணியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து நியூசிலாந்தின் குரூசேடர்ஸ் அணிக்குப் போனபோதும் உதவியாளராகவே போனார். பிரான்சின் அட்லாண்டிக் கரையிலுள்ள லா ரோஷெல் அணிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளரானது 2019இல்தான். பிறர் சொல்லிக் கற்றுக்கொண்ட அந்த ஆறு ஆண்டுகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொன்று, தோல்வி அவருக்குப் புதிதன்று. 2000ஆம் ஆண்டு, கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் ஆடிய அயர்லாந்தின் மன்ஸ்டர் அணி இங்கிலாந்தின் நார்தாம்ப்டனிடம் 9-8 என ஒரே புள்ளியில் தோற்றது; கடைசி நேரத்தில், எதிரணியின் பிழைக்காகக் கிடைத்த பெனால்டியை அவர் உதைக்க, பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. அந்தக் கோப்பை மன்ஸ்டர் கைக்கு வர 2006 ஆயிற்று. பயிற்சியாளராகவும் அதே வழிதான்: 2021இல் ஐரோப்பிய இறுதி, பிரெஞ்சு லீக் இறுதி இரண்டிலும் லா ரோஷெல் இன்னொரு பிரெஞ்சு அணியான துலூஸிடம் தோற்றது.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது 2022இல் மார்செய் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டம். எதிரே அயர்லாந்தின் லென்ஸ்டர் அணி, அதன் தலைவர் ஜானி செக்ஸ்டன், ஒருகாலத்தில் அயர்லாந்தின் பத்தாம் எண் சட்டைக்கு, அதாவது ஆட்டத்தை நடத்திச்செல்பவரின் இடத்துக்கு, ஓ’காராவோடு போட்டியிட்டவர். லென்ஸ்டர் எடுத்த 21 புள்ளிகளும் ஏழு பெனால்டி உதைகளில் வந்தவை. வாழ்நாளெல்லாம் காலால் புள்ளி சேர்த்த மனிதரின் அணியோ மூன்று டிரைகள் போட்டது; எதிரணியின் கோட்டில் அல்லது அதைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் டிரை. முடிய ஓரிரு நிமிடங்களே இருந்தபோது லா ரோஷெல் நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பெனால்டிக்கு மூன்று புள்ளிதான் என்பதால் உதைத்துப் பயனில்லை. கோட்டருகே முட்டி மோதிக்கொண்டேயிருந்தார்கள். கடைசியில் ஆர்தர் ரெத்தியேர், குவிந்துகிடந்த உடல்களுக்கு நடுவிலிருந்து பந்தோடு கையை நீட்டிக் கோட்டைத் தொட்டார். டிரைக்கு ஐந்து, அதைத் தொடர்ந்த உதைக்கு இரண்டு: 24-21.

மறுவருடம் டப்ளினில், லென்ஸ்டரின் சொந்த ஊரிலேயே, 17-0 எனப் பின்தங்கிய பிறகும் அதே அணி 27-26 என்று வென்றது. இறுதியாட்டத்தில் ஒற்றைப் புள்ளி என்ன செய்யும் என்பதை 2000இலேயே அறிந்தவர் அன்று எல்லைக்கோட்டருகே, வென்றவர்களின் பக்கம் நின்றிருந்தார்.