அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா?

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் பற்றி நீங்கள் எழுதியதை என் தங்கை மகன் படித்துக் காட்டினான். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். காப்பித் தோட்டத்தில் வேலை. என் மகளுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு. நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். சான்றிதழைப் புதுப்பிக்கக் கீழே சேலத்துக்கு வரச் சொன்னார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். போன இடத்தில் டாக்டர் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அன்றைய கூலியும் போச்சு. எம்.எல்.ஏ.விடம் போய்ப் பேசுங்கள், சட்டத்தில் என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் படித்தவர்கள் வேலை இல்லையா? இவளைக் கூட்டிக்கொண்டு போனால் கத்துவாள். நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்களால் என்ன ஆகும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி: மகளுக்கு ஓட்டு இருக்கிறதா? 19 வயது என்கிறீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 எழுதிக் கொடுத்தீர்களா?

நம்மில் பலர் கொடுப்பதில்லை. "அவளுக்கு என்ன தெரியும்" என்று நாமே விட்டுவிடுகிறோம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் அந்தக் காரணத்துக்காகப் பெயரைச் சேர்க்க மறுக்கலாம். மருத்துவச் சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருப்பது அப்படிப்பட்ட அறிவிப்பு ஆகாது. அவளுக்கு ஓட்டு உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அப்படியென்றால் உங்கள் மகளும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். நீங்கள் துணைக்குப் போகிறவர், அவ்வளவுதான்.

படித்தவர்கள் வேலையா என்று கேட்டீர்கள். என் தம்பி கதையைச் சொல்கிறேன். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். பாக்கு மட்டைத் தட்டு போடும் பட்டறையில் வேலை செய்கிறான். மட்டையை ஊற வைத்து, அச்சில் வைத்து, சூடு சரியாக ஏறியதும் எடுப்பான். ஓரம் கருகிய தட்டு ஒன்றுகூட அவன் அடுக்கில் இருக்காது. கூலியைப் போட்டுவைக்க ஒரு வங்கிக்குக் கூட்டிப் போனேன். கார்டியன் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, தன் பணத்தைத் தானே கையாளும் உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே நான்தான் பேசினேன். பிரிவு, விதி, சுற்றறிக்கை என்று பத்து நிமிஷம். அவர் தலையாட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்தான். சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, விரலால் அவர் பக்கம் தள்ளினான். "சார், நான் ஓட்டுப் போட்டேன். என் பேர்ல பாஸ்புக் இல்ல" என்றான். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எந்த வங்கி, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று அவனையே கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் கணக்கு வந்தது. நான் அத்தனை பிரிவு சொல்லியும் நகராதது, அந்த இரண்டு வாக்கியத்தில் நகர்ந்தது.

உங்கள் மகள் கத்துவாள் என்கிறீர்கள். கத்தட்டும் அக்கா. ஏன் கத்துகிறாள் என்று அவர்கள் கேட்பார்கள். வளைவில் வாந்தி எடுத்ததைச் சொல்லுங்கள், டாக்டர் வராததைச் சொல்லுங்கள், போன கூலியைச் சொல்லுங்கள். முடிந்தால் காலையிலேயே முதல் ஆளாகப் போய்விடுங்கள், காத்திருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம்.

சட்டங்கள் எப்படி மாறின என்பதற்கு ஒரு கணக்கு. இதற்கு முன்பிருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் கிடையாது. அறிவுசார் குறைபாடு பட்டியலில் இருந்தது, ஆனால் அரசு வேலைக்கான 3 சதவீத இடஒதுக்கீட்டில் அதற்குப் பங்கில்லை. பார்வை, செவி, கை கால் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 2016 சட்டத்தில் 21 வகை, வேலையில் 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. இத்தனை பேருக்கு 1 சதவீதம் போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் ஒன்றுமில்லாத இடத்தில் அது வந்தது, பெற்றோர்களும் சங்கங்களும் வருஷக்கணக்கில் டெல்லிக்கு நடையாய் நடந்ததால்.

நம் மாநிலத்திலேயே 2025 ஏப்ரலில் ஊராட்சி, நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தார்கள். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,000 பேருக்கு மேல். அந்த இடங்களெல்லாம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கே போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. நம் பிள்ளைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போதே கேட்க வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனு உங்கள் மகளுக்கு மட்டும்தான் பயன்படும். கிராம சபைத் தீர்மானம் மலையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகும். இப்படி எழுதிக் கொடுங்கள்: "மாற்றுத்திறன் சான்றிதழுக்கான மருத்துவ முகாமை ஆண்டுக்கு இரு முறை ஏற்காட்டிலேயே நடத்த வேண்டும் என இக்கிராம சபை மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறது." பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த நகலோடு எம்.எல்.ஏ.விடம் போங்கள். ஏற்காடு தொகுதி மலையோடு முடிவதில்லை, கீழே வாழப்பாடி வரை போகிறது. அவர் மேலே எப்போது வருகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் இறங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்குப் பணம் ஒதுக்கச் சட்டசபையில் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைப் பேசுங்கள் என்று கேளுங்கள். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை.

இன்னொன்று. 18 வயது முடிந்தபின் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் (கார்டியன்) ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க மாவட்டத்தில் ஒரு குழு உண்டு, ஆட்சியர்தான் தலைவர். அவசரமில்லை, தெரிந்து வைத்திருங்கள்.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. அதற்குள் படிவம் 6-ஐக் கொடுத்துவிடுங்கள். நிரப்பச் சிரமமாக இருந்தால் தங்கை மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள், நான் வருகிறேன். தம்பியையும் கூட்டி வருகிறேன். வளைவில் அவனுக்கும் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வான். மகளுக்கும் ஒன்று கொண்டுவருவான்.