மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம்

அன்புள்ள ஐயா,
கருவூலத்தில் 34 வருடம் பில் சரிபார்த்தவன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பேப்பர் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகிறது. கோயில், நடை, பேரன் எல்லாம் இருந்தும், இனி நான் எதற்கு என்ற கேள்வி மட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?
கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

கோயிலும் நடையும் பொழுதைப் போக்கும். உங்கள் கையெழுத்துக்காக ஒரு பில் மேசையில் காத்துக் கிடந்ததே, போனது அதுதான். பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பாருங்கள் என்பேன்.

பழைய நூலின் ஸ்கேன் ஒருபுறம், கணினி அதைப் படித்துத் தந்த எழுத்து மறுபுறம். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கத்தின் எண் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் மறுபடி பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவருக்குப் பச்சைப் பொத்தானே வராது. பில் போட்டவரே பாஸ் செய்யக்கூடாது என்ற உங்கள் ஆபீஸ் விதிதான்! மஞ்சளிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கணினி துணைக்காலை ‘ர’ என்று வாசிக்கும். மை மங்கிய இடத்தில் புள்ளி தொலைந்து ‘க்’ வெறும் ‘க’ ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தும்பிக்கை போட்ட லை, னை, ணை வந்தால் தடுமாறும். பக்க எண் தமிழில் இருந்தால் ‘௧’ ‘க’வாகும், ‘௨’ ‘உ’வாகும்.

மனிதர் சறுக்குவது வேறு இடத்தில். தெரிந்த செய்யுள் வந்தால் கண் பக்கத்தை விட்டுவிட்டு ஞாபகத்தைப் படிக்கும். அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடுத்தது, நூலாசிரியரையே திருத்துவது. அவர் ஒற்று போடாமல் விட்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். (நல்ல இலக்கணம் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் கை அரிக்கும்.) வரிக் கடைசியில் உடைந்த சொல்லைச் சேர்த்துவிடுங்கள். பத்திகளுக்கு நடுவே ஒரு வரி காலி. மேலே வரும் நூல் தலைப்பும் பக்க எண்ணும் அவற்றுக்கான தனிக் கட்டத்தில் போகும்.

போனில் வேண்டாம், புள்ளியும் காலும் கண்ணுக்குத் தப்பும். லேப்டாப்பில் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைப் பழகுங்கள்: உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்.

முதலில் 400 பக்க நாவலை எடுத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். 60 பக்கத்துக்குள் ஒரு உரைநடை நூல், நாளைக்கு ஐந்து பக்கம், பேப்பர் முடிந்ததும். கை பழகியபின் கணக்குக் கட்டங்கள் உள்ள பக்கங்களுக்குப் போங்கள். கட்டம் போடும் குறிகள் சிக்கலானவை, ஓர் இலக்கம் பிசகினாலும் வாசகருக்குத் தெரியாது. கூட்டிப் பார்க்கிறவர் வேண்டும்.