போர் தண்ணீரால் முடி கொட்டுமா?

வள்ளியூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. தலைப்பிரசவத்துக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவர், மூன்று மாதம் கழிந்து பிள்ளையோடு மாமியார் வீடு திரும்பியிருக்கிறார். வந்த இரண்டாவது வாரத்திலிருந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதாம். "அங்கே ஆற்றுத் தண்ணீர், இங்கே உப்புத் தண்ணீர். போர் தண்ணீர்தான் காரணமா? மெடிக்கலில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். திருச்செந்தூரில் பிள்ளைக்கு மொட்டை போடும்போது நீயும் போட்டுக்கொள், அடர்த்தியாக வளரும் என்று அத்தை சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவருக்கு முதலில் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த மூன்று மாதக் கணக்குதான்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளரும், அப்புறம் சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். அதே குழியிலிருந்து புது முடி முளைக்கும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடுவதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றுவிடும். வளைகாப்பு சமயத்தில் உங்கள் சடை நல்ல கனமாக இருந்திருக்குமே? பிள்ளை பிறந்ததும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. நின்றிருந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஒன்றாகக் கொட்டுகிறது. நம் ஊர் வழக்கப்படி நீங்கள் புகுந்த வீடு திரும்பியதும் அதே சமயம். அம்பாசமுத்திரத்திலேயே இருந்திருந்தாலும் கொட்டித்தான் இருக்கும்.

காய்ச்சலுக்கும் இதே கணக்குதான். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வந்துபோன வீட்டுப் பெண்கள் தை, மாசியில் உதிர்ந்த முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். டைபாய்டு, பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பை இளைத்தது என்று எதுவாக இருந்தாலும் சரி, முடி கொட்டினால் நேற்று தேய்த்த ஷாம்பூவை விட்டுவிட்டு மூன்று மாதம் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

தண்ணீருக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு, கொஞ்சம். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. முடி சொரசொரப்பாகி நடுவில் முறியும். வேரோடு விழவைக்க அதனால் முடியாது. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது, இல்லாவிட்டால் முறிந்தது. கடைசியாக அலச மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும்.

இன்னொன்று. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு வாரத்துக் கணக்கு முழுவதும் அன்றைக்கே கையோடு வரும். அதைப் பார்த்துப் பயந்து குளிப்பதையே தள்ளிப் போடாதீர்கள்.

மொட்டை போடுவது நேர்த்திக்கடன் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் பக்தி. அடர்த்திக்காக வேண்டாம். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. மழித்த முடி மொட்டையான நுனியோடு வளர்வதால் தடித்தது போல் தெரியும், அவ்வளவுதான்.

பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அரிது. அதைவிட, அந்த மாத்திரை தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டிவிடும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு அந்தப் பரிசோதனை அவசியம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் தைராய்டு தடுமாறுவது உண்டு, அதனாலும் முடி கொட்டும். கூடவே ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு, உடனே ஒரு டீயும் குடிக்கிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த டீ சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் விழுங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்தியிருந்தால் திரும்பத் தொடங்குங்கள். ஆட்டு ஈரல், முட்டை, மீன், முருங்கைக்கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களியை உங்கள் அம்மா கிண்டித் தந்திருப்பார்கள். அதை இங்கேயும் விடாதீர்கள், அதில் புரதம் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் முடி முறிவதைக் குறைக்கும், புது முடியை முளைக்க வைக்காது. பொடுகு இருந்தால் எண்ணெய் அதை வளர்க்கும். ஈரத்தலையில் சீப்புப் போடாதீர்கள், இழுத்துக் கட்டிய கொண்டையும் வேண்டாம்.

மினாக்ஸிடில் என்ற மருந்தை யாராவது சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் பால் கொடுக்கும்போது வேண்டாம். அது வகிடு வருடக்கணக்கில் அகன்றுகொண்டே போகும் பெண்களுக்கானது. பூசத் தொடங்கிய முதல் சில வாரம் உதிர்வு கூடும், பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். டாக்டர் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

உங்களுக்கு இப்போது கொட்டுவது பெரும்பாலும் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும். இதனால் யாருக்கும் முழு வழுக்கை விழுவதில்லை. நெற்றியோரம் குட்டிக்குட்டியாக முடி நீட்டிக்கொண்டு நின்றால் அது புது முளைப்பு, வெட்டிவிடாதீர்கள்.

ஒரு வருடம் கழிந்தும் நிற்கவில்லை, வகிடு அகல்கிறது, மாதவிடாய் திரும்ப வந்தும் ஒழுங்கில்லை, முகத்தில் முடி வளர்கிறது, அல்லது காசளவு வட்டமாகப் புழுவெட்டு விழுந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளவும் வேண்டாம், அது புழுவால் வருவதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.