லட்டு என்று கூப்பிடுங்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள்

கேள்வி: எங்கள் மகள் பிறந்து இரண்டு மாதமாகிறது. வயிற்றில் இருந்தபோதே அவளை ‘லட்டு’ என்றுதான் கூப்பிட்டோம். இப்போதும் வீட்டில் எல்லாருக்கும் அவள் லட்டுதான். பிறப்புச் சான்றிதழிலும் அதையே போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். “யாரும் கூப்பிடாத பெயரை எதற்குக் காகிதத்தில் எழுத வேண்டும்? அந்தக் காலத்தில் பாப்பாத்தி, குழந்தைசாமி என்றெல்லாம் வைக்கவில்லையா?” என்று கேட்கிறார். எனக்கும் ஆசைதான். என் மாமியார் மட்டும் தன் மாமியாரின் பெயரான நாச்சம்மாளைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, எங்களோடு சரியாகப் பேசுவதே இல்லை. உங்கள் கருத்து என்ன?
– பெயர் வெளியிட வேண்டாம், பெருந்துறை.

பதில்: வைக்காதீர்கள். கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயுசுக்கும் லட்டு என்றே கூப்பிடுங்கள். பதிவேட்டில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்தில் செல்லப்பெயர் எதற்காகப் புழங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேரனுக்கு அப்பாருவின் பெயரை வைப்பார்கள். பழனிசாமியின் பேரன் பழனிசாமி. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவள் பெற்ற பிள்ளையை அவளே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. “டேய் பழனிசாமி” என்று அதட்டினால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அல்லவா அது கேட்கும்? அதனால் சாமி, ராசா, கண்ணு, சின்னவரு என்று கூப்பிட்டார்கள். பெண் குழந்தை என்றால் அம்மிணி, மயிலு, தங்கம். கனமான பெயர் ஒன்று ஏற்கெனவே இருந்ததால்தான் லேசான பெயர் தேவைப்பட்டது. நீங்களோ கனமானதை வைக்காமலேயே லேசானதை மட்டும் எழுதப் பார்க்கிறீர்கள்.

குழந்தைசாமிக்கு வருகிறேன். கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் 1929-இல் பிறந்த வா.செ.குழந்தைசாமி பெரிய நீரியல் அறிஞர். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், பிறகு டில்லியில் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தவர். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நூறு வயதுக்கு மேலும் தோட்ட வேலை பார்த்து, இயற்கை விவசாயத்துக்காக 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய ரங்கம்மாள் பாட்டியை நாடே பாப்பம்மாள் என்றுதான் அறிந்தது. குழந்தை, பாப்பா என்ற சொற்கள் இவர்களை ஒரு துளியும் குறைக்கவில்லை. ஏன் என்று பாருங்கள். முன்னதில் குழந்தையோடு சாமி இருக்கிறார். குழந்தைசாமியும் குழந்தைவேலுவும் முருகனின் பெயர்கள். பின்னதில் பாப்பாவோடு அம்மாள் சேர்ந்திருக்கிறது. தொட்டிலில் கிடக்கும்போதும் பொருந்தும், எண்பது வயதிலும் பொருந்தும். ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் பிறந்து திருக்குறளுக்கு உரை எழுதியவர் மட்டும் வெறும் ‘குழந்தை’ என்றே விளங்கினார். அவருக்கும் முன்னால் ‘புலவர்’ என்ற சொல் காவலுக்கு நின்றது. அவர் படித்துச் சம்பாதித்த காவல் அது.

காவல் இல்லாத பெயரையும் பார்த்திருக்கிறேன். கோபிப் பக்கம் ஒரு வங்கிக் கிளை. முதியோர் உதவித்தொகை எடுக்க வந்திருந்த ஓர் ஆத்தா. பாஸ்புக்கில் அவர் பெயர் ‘பாப்பா’, அவ்வளவுதான். காசாளர் ஜன்னலுக்குப் பின்னால் இளவயதுப் பையன். பாஸ்புக்கைப் பார்க்கிறான், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலையைப் பார்க்கிறான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டான். அப்புறம் “பாப்பாம்மா, வாங்க” என்றான். நல்ல பிள்ளை, பெயரில் இல்லாத அம்மாவை அவனாகச் சேர்த்துக்கொண்டான். போகிற இடமெல்லாம் அப்படி ஒரு நல்ல பிள்ளை உட்கார்ந்திருப்பான் என்று நம்பி நாம் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்க முடியுமா?

இதில் இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தத் தலைமுறையில் பையனுக்குக் குலதெய்வத்தின் பெயரைத் தேடி வைத்துவிட்டு, பெண்ணுக்குப் பாப்பா, சின்னப்பொண்ணு என்று வாயில் வந்ததோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் நிறைய. அவள் பெயர் பத்திரத்திலோ பட்டாவிலோ வரப்போவதில்லை என்ற நினைப்புத்தான் காரணம். உங்களுக்குப் பையன் பிறந்திருந்தால் சான்றிதழில் லட்டு என்று போட உங்கள் கணவருக்குத் தோன்றியிருக்குமா? சண்டைக்காகக் கேட்கவில்லை. ராத்திரி குழந்தை தூங்கின பிறகு நீங்களே அவரிடம் கேளுங்கள்.

“யாரும் கூப்பிடாத பெயர்” என்கிறார். வீட்டுக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது சரி. மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டதும் டீச்சர் கூப்பிடுவார், வேன் டிரைவர் கூப்பிடுவார். அதன் பிறகு அவளைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் உங்களுக்கு அறிமுகமே இல்லாதவர்கள். எல்லாரையும்விட அதிகமாக அந்தப் பெயரைச் சொல்லப்போகிறவள் அவள்தான். வேலைக்கான நேர்காணலில், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது, போனில் முன்பின் தெரியாதவரிடம், “நான் லட்டு பேசுகிறேன்” என்று அவள் சொல்ல வேண்டும். நீங்கள் லட்டு என்கிறபோது அதில் உங்கள் கொஞ்சல் இருக்கிறது. அவள் தன்னைத்தானே கொஞ்சிக்கொள்ள முடியாது.

குடும்பப் பெயர் வழக்கம் உள்ள ஊர்களில் இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை. முதல் பெயர் எவ்வளவு விளையாட்டாக இருந்தாலும், ஆபீசில் குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டுவிடுவார்கள். நமக்கு இருப்பது முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஒரே பெயர். டாக்டர், தாசில்தார், தலைமையாசிரியை என்று எந்தப் பதவியைச் சேர்த்தாலும் அந்த ஒரே பெயரோடுதான் சேர்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் திருவளர்ச்செல்வி என்று போட்டு அடுத்த வரியில் வருவதும் அதே பெயர்தான். நம் ஊரில் நடக்கப் பழகாத பிள்ளையைக்கூட “வாங்க கண்ணு, சாப்டுங்க சாமி” என்று மரியாதை குறையாமல்தான் கொஞ்சுகிறோம். இவ்வளவு மரியாதை தெரிந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பதிவேட்டிலும் அந்த மரியாதை கிடைக்கட்டுமே.

செல்லமாகக் கூப்பிட்ட பெயர் எல்லாமே பதிவுக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. தங்கம், செல்வி, கண்ணம்மா, ராசாத்தி எல்லாம் கொஞ்சும்போது வந்த சொற்கள்தான். இருந்தும் முழுப்பெயராக நிமிர்ந்து நிற்கின்றன. காமராஜருக்கு முதலில் வைத்தது குலதெய்வத்தின் பெயரான காமாட்சி. வீட்டில் ராஜா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. ராஜா என்ற சொல் ஆளோடு சேர்ந்து வளரும். லட்டு, பப்பு, குட்டி, புஜ்ஜி வளராது. அம்மு எனக்கு இரண்டும் கெட்டான். ஜெயலலிதாவுக்கு வீட்டில் அம்மு என்றுதான் பெயர். அது வீட்டோடும் நெருங்கியவர்களோடும் நின்றது.

உங்கள் கணவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்குப் பதிவில் ஏறுகிற பெயர்கள் பலவற்றைச் சொந்தப் பாட்டியாலேயே சொல்ல முடியவில்லை. ஜோசியர் ஓர் எழுத்து கொடுக்கிறார், எண்கணிதம் பார்ப்பவர் இன்னும் இரண்டைச் சேர்க்கிறார், செல்போனில் தேடி வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக ஒன்றைப் பிடிக்கிறார்கள். அம்மாயி இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டு “எங்க பட்டூ” என்று ஆரம்பித்துவிடுகிறார். அப்புறம் காகிதத்துப் பெயருக்கு வீட்டில் வேலையே இல்லாமல் போகிறது. உங்கள் கணவருக்கு அதன் மேல்தான் எரிச்சல் என்றால் நானும் அவர் கட்சி. அதற்கு மருந்து, வீட்டில் எல்லாருடைய வாயிலும் நுழைகிற நல்ல பெயராகப் பார்ப்பதுதான்.

மாமியார் சொல்கிற நாச்சம்மாளை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். அம்மாள் என்ற பின்பாதி பழைய வாடை அடிக்கிறது என்று தோன்றினால் நாச்சியார் என்று வையுங்கள், கூப்பிட நாச்சி. அழகான, சின்னப் பெயர். அவள் படிப்புக்காக எந்த ஊருக்குப் போனாலும் சொல்லிவிடலாம். அது வேண்டாமென்றால் நிலா, கயல், பொன்னி, தெய்வானை என்று எவ்வளவோ இருக்கின்றன. மாமியாரிடமும் ஒரு வார்த்தை: அம்மா, உங்கள் மாமியாரின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை பெரிது. அதற்காகப் பச்சை உடம்புக்காரியிடம் பேசாமல் இருக்காதீர்கள்.

நாளைக்கு உங்கள் மகள் வளர்ந்து, லட்டு என்ற பெயரிலேயே உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யட்டும். தீர்த்தகிரி அப்படித்தான் சின்னமலை ஆனார். வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்” என்று அவர் சொல்லி அனுப்பிய கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டது அவர். உங்கள் மகளுக்கும் அந்த உரிமையை மிச்சம் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ்லாந்தில் பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது; பட்டியலில் இல்லாத பெயர் என்றால் அதன் சம்மதம் வேண்டும். இங்கே அப்படி எதுவும் கிடையாது, பொறுப்பு முழுக்க உங்களுடையது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் தகவல் கொடுப்பது அவர்கள் வேலை. ஆனால் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் போல இருக்கிறது. அவசரமே இல்லை.

ஏறிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக அலைந்து திருத்த வேண்டும். அதோடு, 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தியிருக்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். உங்கள் மகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறாள்.

பெயரைச் சேர்க்க, குழந்தை பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு அல்ல. பிரசவம் கோவையில் என்றால் கோவைக்குத்தான் போக வேண்டியிருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.