கப்பல் பொறியாளர்களுக்கான மாநாடுகளுக்குப் போவதால் பயன் உண்டா?

ஃபோர்த் இன்ஜினியராக சைன் ஆஃப் ஆகி (ஒப்பந்தம் முடிந்து கப்பலிலிருந்து இறங்கி), லீவில் செம்பூரில் இருக்கிறேன், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் வேலை கிடைக்கும் என்று பயோடேட்டா கட்டோடு போகாதீர்கள். ஸ்டாலில் நிற்பவர்கள் பெரும்பாலும் விற்க வந்தவர்கள், ஆள் எடுக்க வந்தவர்கள் இல்லை.

மும்பையில் நம் தொழிலுக்கென்று உள்ள பெரிய கண்காட்சி இன்மெக்ஸ். கோரேகாவில் உள்ள நெஸ்கோ கண்காட்சி மையத்தில் நடக்கும். 2025 அக்டோபரில் இந்தியா மாரிடைம் வீக்கும் அங்கேதான் நடந்தது. அது அமைச்சர், துறைமுகம், ஒப்பந்தம் என்று வேறு உலகம். சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம்.

என்னைக் கேட்டால், கட்டுரை வாசித்து முடித்த பிறகு வரும் கேள்வி நேரத்துக்காகவே போகவேண்டும். ஒருமுறை பேலஸ்ட் வாட்டர் பற்றி, அதாவது சரக்கு இறங்கும்போது கப்பல் நிலையாக இருக்க டாங்குகளில் ஏற்றும் தண்ணீர் பற்றி, ஓர் அமர்வு. வெளியேற்றும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள, உயிரோடிருக்கும் உயிரிகள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்ற விதி உங்களுக்கே தெரியும். பேச்சாளர் அந்த உயிரிகளைப் புற ஊதா ஒளியால் அழிக்கும் யூவி சிஸ்டத்தின் அருமை பெருமையெல்லாம் ஸ்லைடில் காட்டி முடித்தார். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர் ஒருவர் எழுந்து, "ஹால்தியாவில் பேலஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். அங்கேதான் கூட்டம் சூடுபிடித்தது. ஹால்தியா மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றுத் துறைமுகம்; அந்தச் சேற்றுத் தண்ணீரில் யூவி ஒளி சரியாக ஊடுருவாது. ஃபில்டர் அடைக்கும், அதைக் கழுவிவிடும் பேக்ஃப்ளஷ் ஓடிக்கொண்டே இருக்கும், ஃப்ளோ குறையும். மேலே சரக்கு மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கும், பேலஸ்ட் பின்தங்கி நிற்கும். சரி, உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் உண்டாக்கும் எலக்ட்ரோ குளோரினேஷன் போடலாமே என்றார் இன்னொருவர். அதற்கு உப்பு வேண்டும், ஆற்றில் உப்புக்கு எங்கே போவது? முன்கூட்டியே கப்பலின் பின்கோடி டாங்கான ஆஃப்ட் பீக்கில் கடல்நீர் நிரப்பி வைத்து, அதைக் கொடுத்து ஓட்டவேண்டும். மேனுவலில் ஒரு வரியாக இருக்கிற சங்கதி இது.

அப்புறம், ஸ்டால்களில் சேல்ஸ் மேனேஜரை விட்டுவிட்டு, சர்வீஸ் இன்ஜினியர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் கப்பலில் ஓயாமல் தொல்லை கொடுத்த ஒரு மெஷினைப் பற்றி, மாடல், ரன்னிங் அவர்ஸ் எல்லாம் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அங்கே அதிகம் என்பதால், விஷயத்தோடு வருகிறவரை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

இப்போது எங்கே போனாலும் புது எரிபொருள்களான மெத்தனால், அம்மோனியா பற்றித்தான் பேச்சு. மெத்தனாலில் கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி ஃபியூயல் ஆயிலில் பாதிதான், அதனால் டாங்க் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மோனியா கசிந்தால் இன்ஜின் ரூமில் நிற்கிறவன் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் எழுந்து கேளுங்கள். அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள்தானே.

கட்டணம் யோசிக்க வைத்தால், இன்ஸ்டிடியூட் ஆஃப் மரைன் இன்ஜினியர்ஸ் நெரூலில்தான் இருக்கிறது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் நேரே போய்விடலாம். அங்கே நடக்கும் பேச்சுகளுக்குக் கூட்டம் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது, பேசியவரை டீ குடிக்கும் இடம் வரை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.