மெடிக்கல் கடை டியூப் தீர்வாகுமா? தோல் நலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாகத் தொடை இடுக்கிலும் பாவாடை நாடா கட்டும் இடத்திலும் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அதிகமாகப் படர்கிறது. இப்போது தொடையில் கோடு கோடாக வரிகள் வேறு விழுந்திருக்கின்றன. கணவருக்கும் பையனுக்கும்கூட வந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

அந்த டியூபில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று விற்பதற்கு வசதி. படர்தாமரைக்கோ அதுதான் கேடு.

தோலில் பூஞ்சை புகுந்தால் உடம்பு எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் நமக்கு அரிப்பாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அமுக்கிவிடுகிறது, அதனால் இரண்டு நாளில் சுகம். எதிர்ப்பார் இல்லாத பூஞ்சை அடியில் நிதானமாக வளர்கிறது. வட்டத்துக்குள் வட்டமாகவும், ஓரம் கலைந்தும் வருவது பெரும்பாலும் இந்தக் கிரீம்கள் போட்ட தோலில்தான். உங்கள் தொடையில் விழுந்தவை தோல் மெலிந்து உள்ளே கிழிந்த தழும்புகள். சிவப்பு மங்கி வெளிறும், ஆனால் முழுதாக மறையாது. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. இருந்தும் கடையில் கேட்டால் கிடைப்பது வருத்தத்துக்குரியது.

இனி செய்ய வேண்டியது. மூன்று பேரும் ஒரே நாளில் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் மட்டும் வைத்தியம் செய்தால் ஒரே மாதத்தில் மற்றவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். எட்டு மாதம் போட்ட டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிரீமை நிறுத்தியதும் ஓரிரு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடலாம். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து பலர் பழைய டியூபுக்கே திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். அரிப்பு அடங்க இரவில் போட மாத்திரை கேட்டு வாங்குங்கள். உடம்பில் பரவலாக மாதக்கணக்கில் போட்டவர்களும் குழந்தைகளும் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

சந்தேகம் இருந்தால் படையின் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சுலபமான, செலவு குறைந்த பரிசோதனை.

பூஞ்சைக் கிரீம் போடுவதில் ‘இரண்டு’ என்ற கணக்கை நினைவில் வையுங்கள். படையின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, தினம் இரண்டு வேளை, படை கண்ணுக்கு மறைந்த பிறகும் 2 வாரம். (சில புதிய கிரீம்கள் தினம் ஒருவேளை போதும், சீட்டில் எழுதியபடி போடுங்கள்.) அளவு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். பொட்டு வைப்பதுபோல் நடுவில் மட்டும் தொட்டு வைத்தால் வேலைக்காகாது, ஏனென்றால் பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில்தான்.

நாள்பட்ட படர்தாமரைக்கு மாத்திரையும் தேவைப்படும். பல ஆண்டுகளாக நம் நாட்டில் பரவிவரும் பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் மருந்து பூஞ்சையின் எந்த என்சைமைத் தாக்குமோ, அதன் மரபணுவே இதில் பல நேரம் மாறியிருக்கிறது. அதனால் முன்பு இரண்டு வாரத்தில் கேட்ட மருந்து இப்போது கேட்காமல் போகிறது. இட்ராகோனசோல் கேப்சூல் எழுதினால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போடுங்கள். வெறும் வயிற்றிலோ, அசிடிட்டி மாத்திரையோடோ போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இதயப் பலவீனம், கல்லீரல் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம்.

மருந்தைவிட அதிகம் மறக்கப்படுவது துணி. இடுப்பில் கட்டும் பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, கழுத்தில் ஈரமாகவே கிடக்கும் மஞ்சள் கயிறு எல்லாமே பூஞ்சை தங்கும் இடங்கள். வைத்தியம் முடியும்வரை நூல் கயிற்றுக்குப் பதில் வெள்ளி அரைஞாணோ சங்கிலியோ போதும். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பை மற்றவர் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் துவையுங்கள். உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் மடிப்புகளில் இஸ்திரி போடுங்கள். இறுக்கமான லெக்கிங்ஸும் ஜீன்ஸும் வேண்டாம். வேலையில் வியர்த்தால் மதியம் ஒரு முறை உள்ளாடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டுகொல்லி இலை என்னும் சீமையகத்தியைப் பலரும் கேட்கிறார்கள். அதற்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் பச்சை இலையை அரைத்துத் தேய்த்தால் புண்ணாகும். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

என் மகளுக்கு இரவானால் அரிப்பு தாங்கவில்லை. விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகள். சிரங்கு என்று லோஷன் கொடுத்தார்கள். மூன்று முறை போட்டும் திரும்ப வருகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சிரங்குப் பூச்சிக்குப் பொருந்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலின் மேல் அடுக்கில் வளை தோண்டி முட்டை இடுகிறது. மருந்து பொய்ப்பது அரிது, போடும் முறைதான் பெரும்பாலும் பொய்க்கிறது.

முதல் தவறு, அரிப்பவருக்கு மட்டும் போடுவது. முதன்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அரிப்பே இல்லாத பாட்டியும் தம்பியும் அதற்குள் பூச்சியைச் சுமந்துகொண்டிருப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒரே இரவில் போட வேண்டும். இரண்டாவது தவறு, பொரி உள்ள இடத்தில் மட்டும் தடவுவது. பெர்மெத்ரின் 5% கிரீம் என்றால், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியில், தொப்புளில், விரல் இடுக்கில், பிறப்புறுப்பில், ஆசனவாயைச் சுற்றி எல்லாம். பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் டியூப் ஏறக்குறைய முழுதும் செலவாகும். கைக்குழந்தைக்குத் தலையிலும் போட வேண்டியிருக்கும், அதற்கு மருத்துவரைக் கேளுங்கள். 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து காலையில் குளிக்கலாம். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி தடவுங்கள். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான்.

உடம்பை விட்டு விழுந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். போட்டிருந்த துணி, விரிப்பு, துண்டு எல்லாம் மறுநாள் காலை வெந்நீரில். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

பூச்சி செத்த பிறகும் அதன் கழிவுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமையால் 2 முதல் 4 வாரம் அரிப்பு நீடிக்கும். அதை ‘திரும்ப வந்துவிட்டது’ என்று நினைத்து மேலும் மேலும் லோஷன் போட்டால், லோஷனே தோலைப் பொசுக்கி அரிக்க வைக்கும். நான்கு வாரத்துக்குப் பிறகும் புதுப் பொரி வந்தால் மட்டும் திரும்பக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு (64) சென்ற மாதம் வலது மார்பிலிருந்து முதுகு வரை பட்டையாகக் கொப்புளம். ஊரில் காவி மண் குழைத்து அக்கி எழுதினோம். கொப்புளம் காய்ந்துவிட்டது. ஆனால் சட்டை பட்டாலே எரிகிறது என்று துடிக்கிறார்.
– வாசகி, விருதுநகர்

அக்கி என்பது சின்னம்மை வைரஸ்தான். சிறு வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகும் அது நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும். வயதாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியாக வெளியே வரும். ஒரு நரம்பு உடலின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே போகும் என்பதால்தான் நடுக்கோட்டைத் தாண்டாமல் பட்டையாக நின்றது. கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் தானே காயும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். எழுதுவதால் குணமானதுபோல் தோன்றுவது இதனால்தான். எழுதுகிறவர் அக்கறையோடுதான் செய்கிறார். ஆனால் அந்த நாள்களில் கைநழுவியது மருந்துக்கான நேரம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் என்றால் பெரியவருக்கு 800 மி.கி., தினம் ஐந்து வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

இப்போது இருப்பது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு அது சரியாக அடங்காது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் வாரம் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். இரவில் பாத்ரூம் போகும்போது கூடவே ஒருவர் இருங்கள். உரசாத, தளர்ந்த மெல்லிய பருத்திச் சட்டை கொடுங்கள். வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், அப்பா மிகைப்படுத்துகிறார் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

வாசகர்கள் எல்லோருக்கும் ஒன்று: நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், பார்வைக்கே ஆபத்து. கொப்புளம் காயும்வரை, அம்மை வராத கர்ப்பிணியும் கைக்குழந்தையும் பக்கத்தில் இருக்கக் கூடாது. 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. இரண்டு டோஸ், 2 முதல் 6 மாத இடைவெளியில்.

ஆறு வயதுப் பையனின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள். வயிற்றில் பூச்சி என்கிறார்கள். வெண்குஷ்டமாக இருக்குமோ?
– வாசகி, சேலம்

இந்த வயதில் கன்னத்தில் லேசாகச் செதில் உதிர்ந்து, ஓரம் தெளிவில்லாமல் வெளிறுவது பெரும்பாலும் வறண்ட தோலின் கோளாறு. இதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை, கால்சியக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. குளித்து ஈரம் உலரும் முன் தேங்காய் எண்ணெயோ வாசமில்லாத மாய்ஸ்சரைசரோ தினம் இருவேளை தடவுங்கள். நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். வெண்குஷ்டம் என்றால் திட்டு பால்போல் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும், செதில் இருக்காது.

ஆனால் தொழுநோயோ என்று பார்க்க ஒரு சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். பையன் கண்ணை மூடிக்கொள்ள, பஞ்சு நுனியால் திட்டையும் பக்கத்துத் தோலையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். எங்கே தொட்டீர்கள் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த திட்டு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முகத்தில் உணர்ச்சி தெரிந்தாலும், திட்டு பெரிதானால் காட்டிவிடுவதே நல்லது. தொழுநோயாக இருந்தால் கூட்டு மருந்து அங்கே இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் முழுதாகக் குணமாகும்.

கன்னத்தில் மங்கு. தோழி கொடுத்த வெளிநாட்டு டப்பா கிரீம் பத்தே நாளில் பளிச்சென்று ஆக்கியது. தொடரலாமா?
– வாசகி, சென்னை

இன்றே நிறுத்துங்கள். பத்து நாளில் பளிச்சென்று ஆக்கும் கிரீமில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கும். கேரளத்தின் மலப்புறத்தில் 2023இல், இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டி பழுதானதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இல்லாத டப்பாவையும், ‘தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது’ என்று எழுதிய கிரீமையும் தொடாதீர்கள். அந்த எச்சரிக்கை பாதரசத்துக்கான அடையாளம்.

மங்குக்கு அடிப்படை சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30க்கு மேல், தோல் நிறச் சாயம் கலந்ததாக வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தேவை, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மூன்று மருந்து கலந்த மங்கு கிரீமும் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரத்துக்கு மட்டுமே. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

பித்தவெடிப்பில் ரத்தம் கசிகிறது. சர்க்கரையும் உண்டு.
– வாசகர், கோவை

பிளேடால் சீவவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்கு மேல் காலை ஊறவைக்க வேண்டாம். நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. துடைத்த உடனே வெடிப்பில் வாசலைன் வைத்துப் பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். ரத்தம் நின்று வெடிப்பு மூடிய பிறகு, யூரியா 10 முதல் 20% கிரீம். அதற்கு முன் போட்டால் எரியும். விரல் இடுக்கில் எதையும் தடவி ஈரமாக விடாதீர்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.